145 கோவணமும் ஒரு ரைஸ் குக்கரும்

ஆறு நாள் கெய்ரோ பயணத்துக்கு அம்மா கட்டிய மூட்டையைப் பார்த்து ஏர்போர்ட்டிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, இரண்டு ஊறுகாய், மிளகுப் பொடி. போதாததற்கு ஒரு கயிறு. "துணி காயப்போட வேணாமா?" என்றாள்.

முந்தாநாள் கிசாவில் அந்தப் பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போனோம். வாசல் மண்டபத்தில் பழைய எகிப்து ராஜா இரண்டாம் ராம்செஸ், 11 மீட்டர் உயரம், 83 டன். 2006 வரை அரை நூற்றாண்டு கெய்ரோ ரயில் நிலையத்தின் எதிரே புகை குடித்துக்கொண்டு நின்ற சிலை. இவர் மூக்குக்குள் மிளகு வைத்துத்தான் மம்மியாக்கினார்கள், அதுவும் நம்ம பக்கத்து மிளகு என்று வாயை விட்டேன்.

"ஜலதோஷமா?" என்று கேட்டாள் அம்மா. அப்புறம் என்னை ஒரு பார்வை. "மிளகுப் பொடிக்குச் சிரிச்சியே."

படிக்கட்டைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரருக்கு முழங்கால் ஞாபகம் வந்துவிட்டது. விடுங்கள்.

துட்டன்காமன் பகுதிக்குப் போன பிறகுதான் அம்மாவுக்குப் பிடி கிடைத்தது. சுமார் பத்தொன்பது வயதில் செத்துப்போன அந்த ராஜாப் பையனோடு கல்லறைக்குள் கட்டில், ரதம், பெட்டி பெட்டியாக வாத்துக்கறி, சுமார் 145 கோவணம், எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார்கள். "போன இடத்துல கடை இருக்குமோ இருக்காதோ! விவரமானவங்க." வேலை செய்ய 413 பொம்மைகள் வேறு. நாளுக்கு ஒருவராக 365 ஆள், மேய்க்க 36 மேஸ்திரி, அவர்களுக்கு மேல் மாசத்துக்கு ஒருவராக 12 பேர். "மேஸ்திரியே 48 பேரா? வேலை நடந்த மாதிரிதான்."

1922இல் கண்டுபிடித்த கல்லறையைக் காலி செய்யப் பத்து வருஷம் ஆனதாம். நம்ம வீட்டுப் பரணைக் காலி செய்ய நான் கேட்டது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பேச்சை எடுக்கலாம் என்று திரும்பினால், அம்மா ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கிறாள். உள்ளே சின்ன நாற்காலி, கருங்காலி மரத்தில் தந்தம் பதித்தது. ராஜா குழந்தையாக இருந்தபோது உட்கார்ந்தது. போன போகிக்கு நான் தீயில் போட எடுத்து, அம்மா பிடுங்கிப் பரணில் திரும்ப வைத்தாளே, அப்பா எனக்குச் செய்யச் சொன்ன அந்தக் கால் ஆடும் நாற்காலி, ஏறக்குறைய அதே உயரம்.

"இதையும் போட்டுடலை பாரு" என்றாள், மெதுவாக.

தங்க முகக்கவசத்தைப் பார்க்கப் போனேன். ஒரே கும்பல். தலைகளைத்தான் பார்த்தேன். திரும்பி வந்தபோதும் அம்மா அங்கேயேதான் நின்றாள்.

ராத்திரி அறையில் சுடுசாதமும் பருப்புப் பொடியும். இவர் மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜன்னல் ஓரம், கயிற்றில் என் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது.