உண்ட சோறும் எடுக்காத சத்தியமும்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள எய்ல்ஸ்பரிக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு பெப்ரவரி மாதம். அறைக்குள்ளும் மேலங்கியைக் கழற்றாமல் இருந்த முதல் கிழமைகளில் இந்த ஊரில் எனக்கு முகம் தெரிந்த ஒரே பெரிய மனிதர், சந்தைச் சதுக்கத்தில் வெண்கலச் சிலையாக நிற்கும் ஜான் ஹம்டன், 17ஆம் நூற்றாண்டில் மன்னரை எதிர்த்த நாடாளுமன்றத் தலைவர்களில் ஒருவர். கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருப்பார். வேலை முடிந்து அவரைக் கடக்கும்போதெல்லாம், வீட்டுக்குப் போ என்று சொல்கிறார் என நினைத்துக்கொள்வேன். எந்த வீட்டுக்கு என்பதுதான் விளங்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கான பரீட்சை வந்தது. 45 நிமிடம், 24 கேள்விகள். 18 சரியாக இருந்தால் போதும். 1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர், 1649இல் மன்னருக்குச் சிரச்சேதம் என்று பஸ்ஸில் போகும்போது முணுமுணுத்துப் பாடமாக்கினேன். தேறினேன். பிறகு ஒரு மண்டபத்தில் இருபது முப்பது பேரோடு எழுந்து நின்று, அரசிக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். அரை நிமிடம்கூட ஆகியிராது. சிற்றுண்டியும் தந்தார்கள்.

மறுநாள் வேலையிடத்தில் இதைச் சொன்னபோது, என்னோடு வேலை செய்த வயதான ஆங்கிலேயப் பெண்மணி சிரித்தார். "இதே ஊரின் எம்.பி. ஒருவர் ஒரு சத்தியம் செய்ய மறுத்துவிட்டு நாட்டையே விட்டுப் போனார், தெரியுமா?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் காரிலேயே என்னை அந்த எம்.பி.யின் குடும்ப மாளிகை இருக்கும் கிளேடனுக்கு அழைத்துப் போனார்.

மாளிகை எனக்கு ஏமாற்றம்தான். இப்போது நிற்பது 18ஆம் நூற்றாண்டில் வந்த வாரிசு ஒருவர் அக்கம்பக்கத்துப் பிரபுக்களோடு போட்டி போட்டுக் கட்டிக் கடனில் மூழ்கிய மாளிகை. நாங்கள் தேடிப் போன மனிதர் அதற்கு நூறு ஆண்டு முந்தியவர்: ரால்ஃப் வெர்னி, பிறப்பு 1613. அவரைப் பார்க்க வேண்டுமானால் மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தேவாலயத்துக்குள் போக வேண்டும். அங்கே ஒரு சலவைக்கல் நினைவுச்சின்னம். அதில் நான்கு மார்பளவுச் சிலைகள். தந்தை, தாய், ரால்ஃப், அவர் மனைவி மேரி.

தந்தை சர் எட்மண்ட், முதலாம் சார்ல்ஸ் மன்னரின் கொடியைத் தாங்கியவர். மன்னர் பக்கம் நியாயம் இருப்பதாக அவரே நம்பவில்லை. விட்டுக்கொடுத்தால் நல்லது என்றே நினைத்தார். ஆனாலும், முப்பது ஆண்டளவு அவர் ரொட்டியைத் தின்று அவருக்கு ஊழியம் செய்துவிட்டு இப்போது கைவிடும் இழிசெயலைச் செய்யமாட்டேன் என்று மன்னரின் ஆலோசகர் எட்வர்ட் ஹைடிடம் சொன்னார். அவர் சொன்னது ரொட்டி. என் காதில் விழுந்தது சோறு. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை நான் யாருக்கும் ஆங்கிலத்தில் விளக்கி வென்றதில்லை. பக்கிங்ஹாம்ஷயர் நிலக்கிழார் ஒருவர் கர்ணன் கட்சியாக இருப்பார் என்று எதிர்பார்க்கவும் இல்லை. 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் களத்தில் அவர் விழுந்தார். கையை வெட்டித்தான் கொடியைப் பறிக்க முடிந்தது என்பது வழிவழிக் கதை. உடல் கிடைக்கவில்லை.

மூத்த மகன் ரால்ஃபோ நாடாளுமன்றத்தின் பக்கம். எய்ல்ஸ்பரியின் உறுப்பினராக அங்கே அமர்ந்து, விவாதங்களைப் பென்சிலால் குறித்துவைத்தவர். மன்னருக்காகப் போராடிய தம்பி எட்மண்ட், உன்னை எதிரியாக்க வேண்டி வருகிறதே என்று அண்ணனுக்கு மனம் நொந்து எழுதினார். இத்தனைக்கும் பிறகு, 1643இல் ஸ்காட்லாந்தோடு செய்த மத உடன்படிக்கைக்கு உறுப்பினர்கள் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் சொன்னபோது ரால்ஃபின் மனச்சாட்சி இடம் தரவில்லை. வாதம் செய்யவில்லை, எதிர்த்தரப்புக்கும் போகவில்லை. மனைவியையும் மூத்த பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் புறப்பட்டார். மூன்று வயது ஜாக்கை அத்தைமாரிடம் விட்டுப் போனார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ரால்ஃப் மீது கோபமும் உண்டு. வீட்டில் மணமாகாத தங்கைகள் ஐந்து பேர். அவர்களுக்கென்று தந்தை எழுதிவைத்த சீதனப் பணம் போரில் முடங்கிக் கிடந்தது. அண்ணன் பிரான்சில் ப்ளுவா நகரத்தில். அந்தப் பெண்கள் எழுதிய கடிதங்களில் பாதி பணத்தைப் பற்றியது. இரண்டு தங்கைகளுக்குக் காசு அனுப்பி முடித்த எனக்கு அதை வாசிக்க வேடிக்கையாக இல்லை. தம்பி டாம் வேறு ரகம். திருந்துவான் என்று வெர்ஜீனியாவுக்கும் பிறகு பார்பேடோஸுக்கும் கப்பலேற்றினார்கள்; திரும்பித் திரும்பி வந்து கடன் கேட்டான். எல்லோரையும்விட நீண்ட காலம் இருந்ததும் அவன்தான், தொண்ணூறைக் கடந்து.

ஆள் நாட்டில் இல்லாததால் நிலத்தை நாடாளுமன்றம் பறிமுதல் செய்தது. மீட்க 1646இல் மேரி தனியாக லண்டனுக்குத் திரும்பினார். பதின்மூன்று வயதில் மணமாகி வந்த பெண் அவர். பெண்கள் இப்போதுபோல் என்றுமே பயன்பட்டதில்லை, மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து நாடாளுமன்றக் குழுக்களிடம் அனுப்புவதே புத்தி என்று மாமன்முறை மருத்துவர் வில்லியம் டென்டன் ஏற்கெனவே எழுதியிருந்தார். வயிற்றில் பிள்ளையோடு மேரி வாசல் வாசலாக ஏறி இறங்கினார். 1647 கோடையில் ஆண் குழந்தை பிறந்தது. கணவன் பெயரையே வைத்தார். இலையுதிர்காலத்தில் கிளேடனில் அந்தக் குழந்தை இறந்தது. அதே நாட்களில் ப்ளுவாவில், தந்தையோடு இருந்த மகள் பெக்கும் இறந்தாள். கடலின் இரு கரையிலிருந்தும் இரண்டு சாவுச் செய்திகள். ரால்ஃப் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

1648 தொடக்கத்தில் நிலம் மீண்டது. மேரி ஏழு வயது ஜாக்கைக் கூட்டிக்கொண்டு ப்ளுவா போய்ச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகள். 1650இல் அவரும் இறந்தார். உடலைப் பதப்படுத்திக் கிளேடனுக்கு அனுப்பினார் ரால்ஃப். கூடப் போக முடியவில்லை. தம்பி எட்மண்ட் அதற்கு முந்திய ஆண்டே அயர்லாந்தில், டிரோஹெடாவில் கொல்லப்பட்டிருந்தார்.

1653இல் ஊர் திரும்பியவரை, மன்னர் இல்லாத நாட்டை அப்போது ஆண்ட கிராம்வெல்லின் ஆட்சி 1655இல் சிறைவைத்தது. அதன்பின் நிலம், வேலி, மரம் என்று இருந்துவிட்டார். ஊர்ப் பொதுவயல்கள் தனியார் மேய்ச்சல் நிலமானது அந்த ஆண்டுகளில்தான். கார் கண்ணாடி வழியே நான் ரசித்துக்கொண்டு வந்த பச்சை வேலிகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பாவம் என்று மட்டும் சொல்லிவிட முடியாத மனிதர். ஜாக் கனவான் வாழ்வு வேண்டாம் என்று வியாபாரியாகி 1662இல் சிரியாவின் அலெப்போவுக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தான். இம்முறை காத்திருந்தவர் தந்தை.

வந்த கடிதங்களையெல்லாம் ரால்ஃப் பத்திரப்படுத்தினார். தான் எழுதியதற்கும் படி வைத்தார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கின்றன. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்து அவற்றைப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். அம்மா எனக்கு எழுதிய நீல வான்கடிதங்களை நான் மூன்றாவது வீடு மாறும்போது தொலைத்தேன்.

தேவாலயத்தில் என்னை அழைத்து வந்த பெண்மணி அந்தச் சிலையின் ஆண்டைக் காட்டினார்: 1653. திரும்பி வந்த கையோடு, மனைவியின் சிலைக்குப் பக்கத்தில் தன் சிலையையும் வைத்துவிட்டார். அப்போது வயது நாற்பதுகூட நிறையவில்லை. மறுமணம் செய்யவில்லை. 1696 வரை, ஊரில் இருந்த ஞாயிறுகளில், அந்தக் கல்முகத்தின் முன்னால் போய் உட்கார்ந்து ஜெபம் கேட்டிருக்கிறார்.