கொதிக்க வைத்ததுதான் தப்பு

மூன்று வாரமாக என் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடி கொண்டு ஒன்றைத் தேடும் முறை) ஒன்றுமே தெரியவில்லை. எல்லா செல்லிலும் இருக்கும் ஆக்டின் புரதத்தின் பட்டை கருகருவென்று வரும். நான் தேடும் எச்எல்ஏ வகுப்பு-1 (செல் மேற்பரப்பில் நிற்கும் நோயெதிர்ப்புப் புரதம்) வர வேண்டிய 44 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வெறிச்சென்று கிடக்கும். இத்தனைக்கும் ஹீலா என்ற மனித செல்களுக்கு இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் கொடுத்து 48 மணி நேரம் வைத்திருந்தேன். அதில் இந்தப் புரதம் நன்றாக ஏற வேண்டும். ஆன்டிபாடி அளவைக் கூட்டினேன், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் பால் பவுடருக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டுப் புரதம் போட்டேன், இரவு முழுக்கக் குளிர் அறையில் ஆட்டினேன். அப்புறம் வழக்கம்போல, விற்ற கம்பெனியைத் திட்டினேன்.

ஒருநாள் சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஆன்டிபாடி எந்த க்ளோன்?"

"டபிள்யூ6/32, அக்கா."

"சாம்பிளைக் கொதிக்க வச்சியா?"

"95 டிகிரி, அஞ்சு நிமிஷம்."

சிரித்துவிட்டார்.

டபிள்யூ6/32 புதுச் சரக்கு அல்ல, 1978 முதல் லேப்களில் புழங்கும் க்ளோன். அது பிடிப்பது கூடி நிற்கும் எச்எல்ஏவை மட்டும்தான்: அதன் பெரிய துண்டான கனச்சங்கிலியும் சிறிய துண்டான பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் ஒட்டியிருக்கும் வடிவம். எஸ்டிஎஸ் என்ற சோப்பில் வேகவைத்தால் இரண்டும் பிரிந்து மடிப்பும் அவிழ்ந்துவிடும். ஆன்டிபாடியோடு வந்த தாளில் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்ப்பது), இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கரைசலிலிருந்து இழுப்பது) என்று போட்டிருந்தது, வெஸ்டர்ன் இல்லை. நான் அதில் பார்த்தது எவ்வளவு நீர்க்க வேண்டும் என்பதை மட்டும். கம்பெனி மேல் தப்பில்லை.

சரி, ஃப்ளோவில் பார்ப்போம் என்று உயிருள்ள செல்களில் போட்டேன். ஹீலா அழகாக வலப்பக்கம் நகர்ந்தது, அதாவது ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது. நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு டௌடி செல்கள். அவற்றில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் கிடையாது, ஆகவே டபிள்யூ6/32 ஒட்டக் கூடாது. ஆனால் டௌடியும் நகர்ந்தது! அன்று சாப்பாடே இறங்கவில்லை. பிறகு முதல் ஆன்டிபாடியான டபிள்யூ6/32 போடாமல், அதைப் பிடிக்கும் நிறமி ஏற்றிய இரண்டாவது ஆன்டிபாடியை மட்டும் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே நகர்வு. டௌடி ஒரு பி செல், அதன் மேற்பரப்பிலேயே ஐஜிஎம் என்ற மனித ஆன்டிபாடி இருக்கிறது. எலி ஆன்டிபாடியைப் பிடிக்க வேண்டிய என் இரண்டாவது, மனிதனுடையதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நிறமி நேரடியாக ஒட்டிய டபிள்யூ6/32 வாங்கியதும் டௌடி இருந்த இடத்திலேயே நின்றது. இரண்டாவது மட்டும் போட்ட அந்த ஒரு குழாயை முதல் நாளே வைத்திருக்கலாம். சோம்பல்.

வெஸ்டர்னுக்கு அக்கா கைகாட்டியது எச்சி10 என்ற இன்னொரு ஆன்டிபாடி. அது நேர் எதிர்: மடிப்பு அவிழ்ந்த, தனியான கனச்சங்கிலியைத்தான் தேடும். வகுப்பு-1-இன் ஏ, பி, சி வகைகளில் எச்எல்ஏ-பி, சி மேல் அதற்குப் பிரியம் அதிகம். ஏ வகைகளில் சிலதைத்தான் பார்க்கும். பரவாயில்லை, எனக்குப் பட்டை வந்தது, இன்டர்ஃபெரான் கொடுத்த வரிசையில் தடிமனாகவே வந்தது.

அந்தத் தெம்பில் டபிள்யூ6/32 கொண்டு செல்கரைசலிலிருந்து எச்எல்ஏவை இழுத்து, எச்சி10 கொண்டு பிளாட் செய்தேன். இரண்டுமே எலி ஆன்டிபாடிகள் என்பது உறைக்கவில்லை. எலியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, இழுக்கப் போட்டதையும் பிடித்ததால், அதன் சொந்தக் கனச்சங்கிலி 50 கிலோடால்டனில் பெரிய கறையாக உட்கார்ந்து என் 44-ஐ மறைத்துவிட்டது. இப்போது முயல் ஆன்டிபாடி ஒன்றைக் கொண்டு 12 கிலோடால்டனில் பீட்டா-2-வைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் கூட்டம் இல்லை.