தெப்பக்குளத்தில் இரண்டு சுற்று

8 ஜனவரி 2025
எடை 91 கிலோ, உயரம் 158 செ.மீ., பி.எம்.ஐ. 36க்கு மேல். இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் என்கிறார்கள், நான் அதைத் தாண்டிப் பல வருஷமாச்சு. புதிதாக வந்தது சி.ஆர்.பி. கணக்கு, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை: 6.8. மூன்றுக்கு மேல் போனாலே அதிகமாம். வயிற்றுக் கொழுப்பு ஒரு சுரப்பி மாதிரி அழற்சி உண்டாக்கும் ரசாயனங்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்குமாம், அதற்கு எதிர்வினையாகக் கல்லீரல் இந்த சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது என்றார் டாக்டர். நான் போனதென்னவோ ராத்திரிப் படபடப்புக்கு. இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தாச்சு, இரண்டும் நார்மல். படபடப்புக்கு ஒரு மாத்திரையோடு நடையும் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

13 ஜனவரி
பக்கத்து வீட்டு அக்காவோடு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. பாதிச் சுற்றில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, வேர்த்தது, சரி, வந்துவிட்டது என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். "நடந்தா நெஞ்சு அடிக்கத்தானடி செய்யும், அடிக்கலன்னாத்தான் பயப்படணும்" என்றாள் அக்கா. இரண்டு நிமிடத்தில் தானாக அடங்கியது.

15 ஜனவரி
மாட்டுப் பொங்கல். நடக்கவில்லை. வடை ஏழு.

2 பிப்ரவரி
தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் நூறு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தது. கால் விரலில் தொடங்கி முகம் வரை ஒவ்வொரு இடமாக இறுக்கி, ஐந்தாறு நொடி வைத்திருந்து, சட்டென்று விட வேண்டும். மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள், எனக்கோ மல்லாந்தால் வயிறு மேலே ஏறி மூச்சு முட்டுகிறது, அந்த முட்டலே படபடப்பைக் கூப்பிட்டுவிடும். சாய்வு நாற்காலிக்கு மாறினேன். கெண்டைக்காலை அளவுக்கு மீறி இறுக்கி, குரக்களி பிடித்து, வீட்டையே எழுப்பியதுதான் முதல் நாள் சாதனை. இப்போது பாதி பலத்தில்தான் இறுக்குகிறேன். தோள் விடும்போதுதான் தெரிகிறது, நாள் முழுக்க அதைக் காதுவரை தூக்கிவைத்திருந்திருக்கிறேன்.

18 பிப்ரவரி
போன வாரம் தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் நடை போச்சு. இன்று இரண்டு சுற்று, கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர், 34 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்குக்கு ஐந்து நாள் போதும். வேலை செய்கிற தசையும் ரத்தத்தில் ரசாயனம் விடுகிறதாம், அது அழற்சியைத் தணிக்கிற பக்கம். எடை அப்படியே நிற்கிற மாதத்திலும் அது நடக்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு அடித்தது. காலையில் இரண்டாம் சுற்றில் அடித்த அதே அடி. அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியதும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன். எழுந்து கதவைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் தெருவுக்கே போய்விடுவேன்.

11 மார்ச்
தொண்டைவலி, காய்ச்சல். இந்த நேரத்தில் சி.ஆர்.பி. எடுத்தால் எகிறித்தான் காட்டும், இரண்டு வாரம் பொறு என்றார் டாக்டர்.

3 ஏப்ரல்
சி.ஆர்.பி. 4.9. இன்னும் அதிகம்தான். எடை 88.5. படபடப்பு வாரத்துக்கு நாலு என்பது ஒன்றாகிவிட்டது. நடையாலா, நாற்காலியாலா, மாத்திரையாலா, அக்காவின் வாயாலா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாத்திரையை நீயாக நிறுத்தாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா நாளைக்கு மகள் வீட்டுக்குக் கிளம்புகிறாள், பத்து நாள். தனியாக ஒரு நாளும் நடந்ததில்லை. செருப்பை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன்.