கை ஓய்வதற்கு முன்பே ஆளை மாற்றுங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். போன மே மாதம் எங்களுக்கு பால்ஸ் (PALS) பயிற்சி, அதாவது மூச்சோ இதயமோ நின்றுபோன குழந்தையைக் காப்பாற்றும் பயிற்சி வைத்தார்கள். இடம் மொட்டைமாடி ஷெட். மேலே ஷீட் கூரை, கீழே ஒரே ஒரு ஃபேன். நெஞ்சை அழுத்தும் முறை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் தரம் குறையாமல் தொடர்ந்து செய்வதுதான் வேறு சமாச்சாரம்.

பயிற்சிப் பொம்மையில் போதிய ஆழத்துக்கு அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சுமார் 4 செ.மீ., அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சுமார் 5 செ.மீ. ஆழம் வேண்டும். அதாவது மார்பின் முன்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆரம்பத்தில் எல்லோருக்கும் பச்சைதான். நிமிடம் ஓட ஓட விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. அழுத்திக்கொண்டிருந்த சிஸ்டரோ, "எனக்கு வலிக்கவே இல்லையே, நல்லாத்தானே அமுக்கறேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. களைப்பு நமக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள். "முடியல" என்று அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

களைத்த கை இன்னொன்றும் செய்யும். அழுத்திய பிறகு முழுசாக மேலே வராமல் மார்பின் மேலேயே சாய்ந்து நிற்கும். மார்பு முழுக்க எழும்பினால்தான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். பக்கத்தில் நிற்பவர் கவனிக்க வேண்டியதே இதைத்தான்.

எங்கள் கட்டில்கள் உயரம், மெத்தைகள் மெத்து. நாம் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியை மெத்தை விழுங்கினால் என்ன பயன்? முதுகுக்கு அடியில் வைக்க ஒரு பலகை, நாங்கள் ஏறி நிற்க ஒரு ஸ்டூல், இரண்டும் இப்போது எமர்ஜென்சி டிராலியோடு கட்டியே இருக்கின்றன. எங்களில் பாதிப் பேர் ஐந்தடிதான், ஸ்டூல் இல்லாமல் தோள் நேராக வராது.

கைக்குழந்தை பொம்மைக்கு வந்ததும் சீனியர் அக்காக்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். இத்தனை வருஷமாக இரண்டு விரலால் அழுத்தியவர்கள். 2025 அமெரிக்க இதயச் சங்க வழிகாட்டுதலில் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால் அழுத்தலாம், இல்லையென்றால் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தலாம். கட்டைவிரலால் செய்து பார்த்ததும் விளக்கு பச்சையிலேயே நின்றது. சண்டையும் நின்றது.

மூச்சை மறக்கக் கூடாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் இதயம் நிற்கிறது. இரண்டு பேர் இருந்தால் 15 அழுத்தலுக்கு 2 மூச்சு, தனி ஆளாக இருந்தால் 30க்கு 2. மூச்சுக்குழாயில் டியூப் போட்டபின் மூச்சு கொடுக்க அழுத்துவதை நிறுத்தவே வேண்டாம், 2-3 விநாடிக்கு ஒரு மூச்சு போதும். நாடி பார்க்க நிறுத்தினாலும் 10 விநாடியைத் தாண்டக் கூடாது.

எங்கள் பிரச்சினை நைட் டியூட்டி. டாக்டரும் நர்ஸும் மட்டுமே இருப்போம், டாக்டருக்கு மருந்தும் பார்க்க வேண்டும். மூச்சு கொடுக்கும் பேக்கைப் பிடிப்பவரும் அழுத்துபவரும் இடம் மாறிக்கொள்வதைப் பழகிவிட்டோம், ஆனால் மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும். அப்புறம்தான் செக்யூரிட்டி அண்ணனையும் ஆயாம்மாவையும் பொம்மையில் அழுத்தப் பழக்கினோம். ஆயாம்மா கடிகாரத்தைப் பார்த்து "ரெண்டு நிமிஷம், மாறு!" என்று போடும் சத்தம் கீழே ஓ.பி. வரை கேட்கிறது.