குட்டைக்குக் கணக்குப் போட்ட பொறியாளர்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மின்கட்டணம் மாதாமாதம் வரும் தலைவலி. காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்துக் கழிவைச் செரிக்கவைக்கும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையில் இயங்கும் நிலையம் என்றால், மொத்த மின்செலவில் ஏறத்தாழப் பாதியைக் காற்றடிக்கும் புளோயர்களே விழுங்கிவிடும். கழிவை உண்ணும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைக் காற்றிலிருந்து தண்ணீருக்குள் செலுத்த இரவும் பகலும் மோட்டார் ஓடியாக வேண்டும். இந்தக் கணக்கோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஒருவன் வில்லியம் ஆஸ்வால்டின் கட்டுரைகளைப் படிக்கும்போது, அவர் கேள்வியையே வேறு இடத்தில் தொடங்கியவர் என்பது சட்டென்று உறைக்கும்.

1919இல் கலிஃபோர்னியாவின் கிங் சிட்டியில் பிறந்த ஆஸ்வால்ட், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்து, 1957இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். கழிவுநீரைக் குட்டையில் தேக்கினால் அது பச்சையாகும் என்பதும், பச்சையான பிறகு நாற்றம் குறையும் என்பதும் சிற்றூர்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அந்தப் பச்சையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, அதை வைத்து எவ்வளவு கழிவைச் செரிக்கலாம் என்று ஹரால்ட் கோட்டாஸுடன் சேர்ந்து அவர் அளக்கத் தொடங்கினார். கழிவுநீரில் நடக்கும் ஒளிச்சேர்க்கை பற்றி இருவரும் எழுதிய கட்டுரை 1957இல் வெளிவந்தது. பாக்டீரியா கழிவைச் செரித்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பாசி அதை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. ஒரு கிலோ பாசி வளர்ந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ ஆக்சிஜன் கிடைக்கும்.

ஆக்சிஜனேற்றக் குட்டை ஒன்றில் நானே மீட்டரை இறக்கிப் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன் கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை; நடுப்பகலில் அதே இடத்தில், காற்றூட்டத்தால் எட்டவே முடியாத மிகைத்தெவிட்டல் நிலைக்கு, அதாவது காற்றிலிருந்து தண்ணீர் ஏற்கும் அளவையும் தாண்டி, முள் ஏறியது. பிற்பகலில் பிஎச் 9ஐத் தாண்டி நின்றது. அந்தக் காரத்தன்மையிலும் வெயிலிலும் நோய்க்கிருமிகள் பெருமளவு மடிகின்றன. அம்மோனியாவின் ஒரு பகுதி காற்றோடு போகிறது.

ஆனால் சாதாரணக் குட்டையில் வெயில் மேலே மட்டுமே விழும், கீழே இருட்டு. ஆஸ்வால்ட் வடிவமைத்த உயர்வேகப் பாசிக் குட்டை, பந்தயப் பாதைபோல் வளைந்து ஓடும் ஆழமற்ற வாய்க்கால். ஆழம் பெரும்பாலும் அரை மீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். துடுப்புச் சக்கரம் ஒன்று தண்ணீரை விநாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்துகிறது. சக்கரம் சோம்பலாகச் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. வேகத்தை இரட்டிப்பாக்கினால் மின்தேவை எட்டு மடங்காகும் என்பது நீரியல் விதி. பாசி அடியில் படியாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் ஓட்டினால் போதும் என்று முடிவு செய்ததில்தான் அவருடைய பொறியியல் இருக்கிறது. உணவுக்காக வளர்க்கும் ஸ்பைருலினா பாசியின் இன்றைய பண்ணைகளிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பாசியோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கவர்ந்தது, பாசிக் குட்டைக்குப் போகுமுன் கழிவுநீர் முதலில் வந்து சேரும் குட்டை. அதன் அடியில் ஆழமான நொதித்தல் குழி ஒன்று உண்டு. கழிவுநீர் அந்தக் குழியின் அடியில் நுழைந்து மிக மெதுவாக மேலேறும். திடப்பொருளும் புழு முட்டைகளும் படிந்துவிடும் அளவுக்கு அந்த மேலேற்றம் மந்தமானது. படிந்தவை காற்றில்லா நிலையில் செரித்து மீத்தேனாகின்றன. பாசி நிறைந்த நீரைத் திருப்பிக் கொண்டுவந்து இந்தக் குட்டையின் மேற்பரப்பில் விட்டால், கீழிருந்து வரும் துர்நாற்ற வாயு மேலுள்ள ஆக்சிஜனில் மாட்டிக்கொள்ளும். கலிஃபோர்னியாவின் செயின்ட் ஹெலீனாவில் 1960களில் இந்த முறையில் அமைந்த நிலையம் பல பத்தாண்டுகள் கசடே அள்ளாமல் ஓடியது. கசடு உலர்த்தும் படுகைகளில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு மட்டுமே அந்த வாக்கியத்தின் அருமை தெரியும்.

கிளாரன்ஸ் கோலூக்கியோடு சேர்ந்து, கழிவுநீரில் பாசி வளர்த்து அதிலிருந்து மீத்தேனும் மின்சாரமும் எடுக்கும் யோசனையை 1960லேயே முன்வைத்தார். விண்வெளிப் பயணத்துக்காக, மூடிய கலத்துக்குள் பாசி தரும் ஆக்சிஜனில் எலியை வாழவைக்கும் சோதனையும் நடந்தது.

குறையில்லாத முறை அல்ல இது. நிலம் அதிகம் வேண்டும். பெருநகரத்துக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? நுண்பாசியை நீரிலிருந்து பிரிப்பதும் லேசான காரியமல்ல. பிரிக்காமல் விட்டால், வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் அனுமதித்த அளவைத் தாண்டிவிடும். பிரிக்க வேதிப்பொருள் சேர்த்தால் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கு அங்கே போகும். தானாகப் படியும் பாசி இனங்களை வளர்க்க அவரும் முயன்றார். ஆனால் குட்டையில் எந்த இனம் தலையெடுக்கும் என்பது நம் கையில் இல்லை.

இந்தியாவுக்கும் இந்த வடிவமைப்பு வந்து சேர்ந்தது. வாரணாசியில் சங்கட மோசன் கோயிலின் மகந்தாகவும் (தலைமைக் குருவாகவும்) நீரியல் பேராசிரியராகவும் இருந்த வீர பத்ர மிஸ்ரா, கங்கைக்காக ஆஸ்வால்டின் குட்டை முறையை முன்வைத்தார். ஆற்றைச் சுத்தப்படுத்த 1986இல் அரசு தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தின் பம்புகள் மின்சாரம் நின்றால் நின்றுவிடும், கழிவுநீர் நேரே ஆற்றுக்குப் போகும் என்பதே அவருடைய வாதம். படித்துறைகளை ஒட்டிக் குழாய் பதித்து, சரிவின் போக்கிலேயே நீரைக் குட்டைகளுக்குக் கொண்டுபோகச் சொன்னார். திட்டம் ஆண்டுக்கணக்கில் ஒப்புதலுக்காக அலைந்தது. 2005இல் ஆஸ்வால்ட் காலமானபோதும் அந்தக் குட்டைகள் வெட்டப்படவில்லை. வாங்குவதற்கு இயந்திரம் அதிகமில்லாத திட்டத்துக்காக அலுவலகங்களில் வாதாட ஆள் கிடைப்பது கடினம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தியல்ல.