எல்லாரும் கைவைக்கும் களஞ்சியம்

மாணவர்களைத் திறமூல (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல்) வேலைக்குள் இழுக்க நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு களஞ்சியம் (திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) திறந்து, அறிமுகக் கோப்பான ரீட்மீயின் அடியில் "உங்கள் பெயரை இங்கே சேருங்கள்" என்று எழுதிவிடுவார்கள். வகுப்பில் 40 பேர் என்றால் 40 பேரும் ஒரே கோப்பின் ஒரே கடைசி வரியில் கைவைப்பார்கள். முதல் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற கோரிக்கை) மெர்ஜ் ஆன, அதாவது களஞ்சியத்தில் சேர்ந்த, அடுத்த நொடி மீதி 39 பேருக்கும் கான்ஃபிளிக்ட், அதாவது எந்த வரியை வைப்பது என்ற மோதல். மாற்றங்களைப் பதியும் கருவியான கிட்டை அன்றுதான் பார்க்கும் பிள்ளைக்கு, மோதலைக் காட்ட அது போடும் ஏழு கூர்முனைக் குறியும் ஏழு சமக்குறியுமாகத் தன் பெயர் சிதைந்து நிற்பதைக் காட்டினால் மறுநாள் அது வராது.

இதை மாணவர் தவறு என்று சொல்வது அநியாயம். களஞ்சியத்தை அடுக்கியவர் விட்ட தவறு இது. பங்களிப்பாளர்களுக்கென ஒரு கோப்புறை, அதில் ஆளுக்கு ஒரு சிறு கோப்பு, கோப்பின் பெயர் அவரவர் கிட்ஹப் பயனர்பெயர். பட்டியலை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தொகுத்துக்கொள்ளும். இவ்வளவு செய்தால் 40 பேரும் ஒரே மதியத்தில் மோதாமல் முடித்துவிடலாம்.

தரவுக்கும் இதே கணக்குதான். தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை மாணவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள் என்று வையுங்கள். எல்லாச் சொல்லையும் ஒரே ஜேசான் கோப்பில் (பதிவுகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் தரவு வடிவம்) போட்டால், கடைசியில் ஒரு சொல் சேர்ப்பவர் அதற்கு முந்தைய வரியின் முடிவில் ஒரு காற்புள்ளியும் போட்டாக வேண்டும். அதாவது தனக்குச் சம்பந்தமில்லாத வரியையும் திருத்த வேண்டும். காற்புள்ளியை மறந்தால் மொத்தக் கோப்பும் படிக்காது. வரிக்கு ஒரு சொல்லாக, எழுத்துக்கு ஒரு கோப்பாக, அகரவரிசையில் வைத்தால் சேர்க்கைகள் தாமாகவே வெவ்வேறு இடங்களில் விழும்.

தமிழ்த் திட்டங்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான். ஆனால் பைத்தான் நிரல்மொழியில் 'கொடி'யின் நீளத்தைக் கேட்டால் ஒன்றுக்கு 4, மற்றதற்கு 5 என்று வரும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். ஓகார, ஔகாரத்துக்கும் இதே கதை. எந்த விசைப்பலகை எதைத் தரும் என்று மாணவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. புல் ரிக்வெஸ்ட் வந்ததும் ஓடும் தானியங்கிச் சோதனையில், ஒவ்வொரு வரியும் என்எஃப்சி வடிவில் (ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கும் முறை) இருக்கிறதா என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். பிழைச் செய்தியைத் தமிழில், எந்த வரி, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். "அசெர்ஷன் எரர்" என்று மட்டும் துப்பும் சோதனையால் யாருக்கும் பயனில்லை.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்கும் ஆசை இயல்பானது. ஆனால் கிட் தன் இயல்பமைப்பில் 'க' என்ற எழுத்தை \340\256\225 என்றுதான் கோப்புகளின் நிலையைப் பட்டியலிடும்போது காட்டும். core.quotepath என்ற அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும். அதை 40 கணினியிலும் யார் செய்வது? எனவே பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில், உள்ளடக்கம் தமிழில். சிற்றெழுத்து என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் லினக்ஸில் நிம்மதியாக வாழும், விண்டோஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும்.

ஆய்வகக் கணினிகள் தனி உலகம். காலை வகுப்பு மாணவி தன் பெயரையும் மின்னஞ்சலையும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொருந்தும் குளோபல் அமைப்பில் போட்டுவிட்டுப் போவார். மதியம் அதே இருக்கையில் உட்காருபவரின் கமிட் (பதிந்த மாற்றம்) எல்லாம் காலை மாணவியின் பெயரில் பதிவாகும். புஷ் செய்தால், அதாவது கமிட்டுகளை கிட்ஹப்புக்கு அனுப்பினால், 403 என்ற அனுமதி மறுப்பு வரும், காரணம் நுழைவு விவரங்களைச் சேமிக்கும் விண்டோஸ் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய ஆளின் நுழைவு அப்படியே இருக்கிறது. பொதுக் கணினியில் பெயரும் மின்னஞ்சலும் அந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமான அமைப்பில்தான் இருக்க வேண்டும். எழும்போது நுழைவை நீக்க வேண்டும். மின்னஞ்சலாக கிட்ஹப் தரும் நோ-ரிப்ளை முகவரியையே போடச் சொல்லுங்கள். கமிட்டில் ஏறிய முகவரி உலகுக்கே தெரியும். இன்னொன்று: 2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளைவரியில் கிட்ஹப்புக்குக் கடவுச்சொல் செல்லாது, டோக்கனோ (கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிச் சரம்) எஸ்எஸ்ஹெச் சாவியோ (மறையாக்க இணைப்புக்கான சாவிக்கோப்பு) வேண்டும். கல்லூரி வலையில் எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் போகும் 22ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் எஸ்எஸ்ஹெச்சை 443 வழியாக விடலாம், கிட்ஹப் அதற்கு இடம் தருகிறது.

அதிகம் பேரைத் தடுக்கிவிடும் கல் இரண்டாவது புல் ரிக்வெஸ்ட்தான். முதலாவதை மாணவர் தன் ஃபோர்க்கின் (களஞ்சியத்தின் சொந்த நகல்) மெயின் பிராஞ்சிலிருந்தே (முதன்மைக் கிளை) அனுப்பியிருப்பார். நீங்கள் அதை ஸ்குவாஷ் முறையில் மெர்ஜ் செய்திருப்பீர்கள். அவருடைய மூன்று கமிட்டுகள் உங்கள் பக்கம் ஒரே புதிய கமிட்டாக மாறிவிட்டன. அவர் பக்கம் பழைய மூன்றும் அப்படியே. அடுத்த வேலையை அனுப்பும்போது அந்த மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும். "ஏற்கெனவே மெர்ஜ் ஆனது ஏன் மறுபடி வருகிறது?" என்று குழம்புவார். அப்ஸ்ட்ரீமிலிருந்து (உங்கள் மூலக் களஞ்சியம்) ஃபெட்ச் செய்து, அதாவது புதியதை இறக்கி, மெயினை அப்ஸ்ட்ரீம் மெயினுக்கு ஹார்ட் ரீசெட் செய்வதுதான், அதாவது அப்படியே அதன் நிலைக்கு மாற்றுவதுதான், வழி. ஆனால் அதற்கு முன் முடிக்காத வேலையைத் தனி பிராஞ்சில் பத்திரப்படுத்தச் சொல்லாவிட்டால் அதுவும் போய்விடும். பங்களிப்பு வழிகாட்டியில் வேறு எதைச் சுருக்கினாலும் "ஒவ்வொரு வேலைக்கும் புது பிராஞ்ச்" என்ற பத்தியைச் சுருக்காதீர்கள்.

ஒரு வரி திருத்தம் 600 வரி மாற்றமாக வருவதும் உண்டு. பெரும்பாலும் விண்டோஸ் வரிமுடிவு, இல்லையென்றால் சேமிக்கும்போது தானாக வடிவமைக்கும் எடிட்டர். வரிமுடிவை ஒழுங்காக்கும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பையும் எடிட்டருக்கு வடிவ விதி சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பையும் முதல் நாளே வைத்தால் இரண்டும் பெரும்பாலும் அடங்கும். கிட்இக்னோரும் அப்படித்தான்: நோட் மாட்யூல்ஸ், பைத்தான் மெய்நிகர்ச் சூழல் என்ற, நூலகங்கள் குவியும் கோப்புறைகள் இரண்டும் உள்ளே நுழையாமல் அதுதான் காக்கிறது. 100 எம்பியைத் தாண்டிய கோப்பை கிட்ஹப் ஏற்காது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் புஷ் நிராகரிக்கப்படும், ஏனென்றால் வரலாற்றில் அது இன்னும் இருக்கிறது. ஏபிஐ சாவி (ஒரு சேவையைப் பயன்படுத்தும் ரகசியக் குறி) கசிந்தாலும் இதே விதி. முதலில் சாவியைச் செல்லாததாக்குங்கள், வரலாற்றைக் கழுவுவது பிறகு.

இஷ்யூக்களில் (செய்ய வேண்டிய வேலைக் குறிப்புகள்) "சார், எனக்கு அசைன் பண்ணுங்க" என்று ஐந்து பேர் கேட்பார்கள், எடுத்தவர் காணாமல் போவார். ஏழு நாளில் வரைவு வராவிட்டால் இஷ்யூ மறுபடி பொதுவுக்கு வரும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் மனக்கசப்பு இல்லை. எண்ணிக்கைக்குப் பரிசு வைக்காதீர்கள். திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் அக்டோபர் நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020இல், டி-சட்டைக்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய வெள்ளம், அந்த அக்டோபர் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வைத்தது. விருப்பம் தெரிவித்த களஞ்சியங்கள் மட்டுமே கணக்கில் என்றானது.

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் பாதிப் புல் ரிக்வெஸ்டுகள் உறைந்துவிடும். அவற்றை மூடிவிடுவதைவிட, மிச்சமிருக்கும் இரண்டு திருத்தங்களைப் பராமரிப்பவரே செய்து, கமிட் செய்தியின் கடைசியில் மாணவரை இணை ஆசிரியராகக் குறிக்கும் வரியைச் சேர்த்து மெர்ஜ் செய்யலாம். அந்த வரியிலுள்ள மின்னஞ்சல் அவர் கிட்ஹப் கணக்கில் பதிந்ததாக இருக்க வேண்டும். ஓரெழுத்து பிசகினாலும் அந்தக் கமிட் அவர் கணக்கில் சேராது.