உப்புக்காற்றில் ஒரு கான்டெஸாவைப் புதுப்பிக்க

மஸ்டாங், சார்ஜர் போன்ற எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார்கள் எல்லாம் நமக்குப் படத்தில் பார்ப்பதோடு சரி. நீண்ட பானெட், அகன்ற மூஞ்சி, பின்சக்கர இழுவை என்ற ஆசைக்கு நம் ஊரில் கிடைத்த வண்டி கான்டெஸாதான். இங்கிலாந்தின் வாக்ஸால் வி.எக்ஸ். வண்டியை அடிப்படையாக வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்தது. முதலில் போட்டது அம்பாசடரின் 1.5 லிட்டர் என்ஜின். அந்த உடம்பை இழுக்க அதற்குத் தெம்பு கிடையாது. பிறகு வந்த 1817 சி.சி. இசுசூ பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர் வண்டியைத்தான் தேட வேண்டும். எட்டு சிலிண்டர் சத்தம் வராது, நாலு சிலிண்டர்தான். ஆனால் நெடுஞ்சாலையில் திணறாது.

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் இந்த வண்டியை வீட்டில் வைத்துப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது என்ஜினைத்தான். என்ஜின் சுலபம். அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். வண்டியிலும் இதே இசுசூ என்ஜின்தான், அதனால் உள்பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும். பாடிதான் கழுத்தை அறுக்கும். கான்டெஸாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. ஃப்ளோரும் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும்தான் வண்டியின் முதுகெலும்பு. அது துருப்பிடித்துப் போனால் மேலே எவ்வளவு பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தாலும் வீண்.

எனவே வாங்கும்போது ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு டார்ச் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. ஃப்ளோர் மேட்டைத் தூக்கி, ஓட்டுநர் கால் வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பேட்டரி தட்டுக்குக் கீழே, முன்கண்ணாடி பீடிங்கின் கீழ் மூலைகள், கதவின் அடிமடிப்பு எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். பின் ஸ்பிரிங் உட்காரும் இடத்திலும், பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகள் பாடியில் சேரும் இடத்திலும் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டீசல் என்ஜின் மாற்றிப் போட்டு, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்ட வண்டிகள் நிறைய. அது பின்னால் படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும்போது முட்டும்.

வெட்டி ஒட்டும் வேலைக்கு ஃப்ளோருக்கு 18 கேஜ் (1.2 மி.மீ.), மற்ற வெளித்தகடுகளுக்கு 20 கேஜ் (0.9 மி.மீ.) கோல்டு ரோல்டு ஷீட். 8க்கு 4 அடி ஷீட் ஒன்று முறையே 28 கிலோ, 21 கிலோ அளவில் இருக்கும். சாதாரணமாக இரண்டிலும் ஒவ்வொரு ஷீட் போதும். ‘துருப்பிடிக்காதே’ என்று ஜி.ஐ. ஷீட் போடச் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும், பற்றில் (வெல்டிங் ஒட்டில்) ஓட்டை விழும், புகையை இழுத்தவருக்கு அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல். பற்று வைத்த ஓரத்தில் துத்தநாகமும் மிஞ்சாது.

இந்தக் கடற்கரைக்கே உரிய இன்னொரு யோசனை, வள்ளத்துக்கு ஃபைபர் போடுபவரைக் கூப்பிட்டு ஃப்ளோரில் கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் வைத்து அடைப்பது. சல்லிசாக முடியும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் ரெசினுக்கு அடியில் துரு ஓடிக்கொண்டே இருக்கும், தகட்டை விட்டு ஃபைபர் பிரியும், பாரம் தாங்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. படகில் வைப்பது போலத் துத்தநாகக் கட்டியை அடியில் மாட்டிக்கொள்வதும் அப்படித்தான். அது தண்ணீரில் மூழ்கி இருந்தால் மட்டுமே இரும்பைக் காக்கும், ரோட்டில் ஓடும் வண்டிக்கு வெறும் பாரம்.

ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவு இடைவெளிகளை மேலே, நடுவே, கீழே அளந்து சுவரில் எழுதி வையுங்கள். 25 மி.மீ. சதுரக் குழாயைக் கதவுச் சட்டத்துக்குள் குறுக்காகப் பற்று வைத்துவிட்டுத்தான் கிரைண்டர் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே அடுத்த பக்கம். வண்டியின் பாரம் சக்கரங்களின் மேலோ, ஆக்ஸிலுக்கடியில் வைத்த ஸ்டாண்டின் மேலோ இருக்கட்டும். நடுவில் ஜாக் கொடுத்துத் தூக்கி இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டினால் பாடி தொய்யும், பிறகு எந்த டிங்கராலும் கதவைச் சாத்த வைக்க முடியாது. வெல்டிங் 0.8 மி.மீ. வயர், சி.ஓ.டூ. மெஷின். ஒரு அங்குலத்துக்கு ஒரு பொட்டு, இங்கொன்று அங்கொன்றாக மாற்றி மாற்றி வைத்து, கை சுடாத அளவு ஆறியபின் இடைவெளியை நிரப்புங்கள். இழுத்துக்கொண்டே போனால் தகடு வளையும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்தவெளியில் இந்த மெஷின் வேலைக்கு ஆகாது. பற்றைக் காக்கும் வாயுவைக் காற்று கலைத்துவிடும், பற்று தேன்கூடு மாதிரி வரும். மூன்று பக்கமாவது தார்ப்பாய் கட்டுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். நம் பக்கத்தில் பெயிண்ட் ஆறு மாதத்தில் கொப்பளிக்கிறது என்றால் பத்துக்கு எட்டு தடவை குற்றம் பெயிண்டில் இல்லை. துருவைத் தேய்த்து எடுத்தாலும் தகட்டின் குழிகளில் உப்பு தங்கிவிடும். அது பெயிண்டுக்கு அடியில் இருந்துகொண்டே காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் படலத்தைத் தூக்கும். போதாததற்கு நாமே உப்பைச் சேர்க்கிறோம்: போர் தண்ணீரை ஊற்றி வாட்டர் பேப்பர் தேய்ப்பது. பாதி ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, அதை இரும்பில் ஊற்றலாமா? கடல் மணலை அள்ளி பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை வீசித் துரு எடுப்பது) செய்வது அதைவிட மோசம். உப்பும் ஏறும், சிலிக்கா தூசி நுரையீரலையும் கெடுக்கும். பிளாஸ்டிங் தேவையென்றால் கார்னெட் மணல். அதுவும் சஸ்பென்ஷன் ஆர்ம், கிராஸ் மெம்பர் போன்ற கனமான உருப்படிகளுக்கு மட்டும். பானெட்டிலும் கூரையிலும் அடித்தால் தகடு அலையடிக்கும்.

வெறும் இரும்பாக்கிய பகுதியை ஆர்.ஓ. தண்ணீரால் இரண்டு மூன்று முறை பிரஷ் போட்டுக் கழுவுங்கள். உப்பு போயிற்றா என்று பார்க்க, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் வீட்டு டி.டி.எஸ். மீட்டர் போதும். 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டரின் அளவை முதலில் குறித்துக்கொண்டு, அதில் சுத்தமான பஞ்சை நனைத்து ஒரு சதுர அடி தகட்டை நன்றாகத் துடைத்து, அதே தண்ணீரில் பிழிந்து மறுபடி அளக்க வேண்டும். எண் எகிறினால் உப்பு இருக்கிறது. கழுவிக் கழுவி, அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஏறாமல் நிற்கும் வரை விடக்கூடாது. கழுவியதும் கம்ப்ரஸர் காற்றால் உலர்த்தி, தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் முழு வண்டியையும் ஒரேயடியாக உரிக்காதீர்கள். ஒரு நாளில் பிரைமர் வரை கொண்டுபோகக்கூடிய அளவு மட்டும், கதவு என்றால் ஒரு கதவு.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் போட்டால் மேலே எபாக்சி பிடிக்காமல் உரியும். போட்டே ஆகவேண்டிய இடத்தில் காயவிடாமல் கழுவி, 80 எமரி போட்டுப் பளிச்சென்று இரும்பு தெரிந்தபின் பிரைமர். பட்டி எப்போதும் எபாக்சிக்கு மேலேதான், 3 மி.மீ.க்கு மிகாமல். வெறும் இரும்பில் பட்டி வைத்தால் அது ஈரத்தைக் குடித்து அடியில் துருவை வளர்க்கும்.

பெயிண்டுக்கு நாள் பார்ப்பது இங்கே சாஸ்திரம் இல்லை, கணக்கு. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, தகட்டின் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டை) விட 3 டிகிரியாவது மேலே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நடக்காது. தை முடிந்து பங்குனி வரை, காலை பத்தரைக்கு மேல் மூன்று மணிக்குள் வசதி. கம்ப்ரஸர் டேங்கைத் தினமும் வடித்து, லைனில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் மாட்டுங்கள். கடினமாக்கி கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, அதற்கு முகத்தில் கட்டும் துண்டு எந்த விதத்திலும் போதாது. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் பெயிண்ட் பூத் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுவது மேல்.

மெக்கானிக்கல் பக்கம் சுருக்கமாக. கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் பத்து சதவீதத்துக்குள் ஒத்திருந்தால் என்ஜினைப் பிரிக்காதீர்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் கூடவே கூடாது, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. இப்போதைய எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துப் பிளக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஃப்யூயல் ஹோஸ், கார்புரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் புதிது. பிரேக் பைப்புக்குத் தனிச் செம்பு வேண்டாம், அதிர்வில் விறைத்து முறியும். செம்பு நிக்கல் கலவைப் பைப் துருவும் பிடிக்காது, கையாலேயே வளையும். லைட் மங்கினாலோ ஸ்டார்ட்டர் இழுத்தாலோ முதலில் எர்த்தைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜினுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவற்றை இணைக்கும் எர்த் ஸ்ட்ராப் உள்ளுக்குள் பச்சை பிடித்துவிட்டது.

எல்லாம் முடிந்தபின் ரன்னிங் போர்டின் உள்ளேயும் கதவுகளின் அடியிலும் நீள நாசில் வைத்து கேவிட்டி வேக்ஸ் என்ற மெழுகை அடியுங்கள், கதவின் வடிகால் துளைகளை அடைக்காமல். அடியில் தடியாகத் தார் பூசுவது இங்கே ஆபத்து. தார் எங்காவது விரியும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது, கீழே படுத்துப் பார்த்தாலும் தெரியாது. எபாக்சியும் அதன்மேல் மெழுகும் போதும், வருடத்துக்கொருமுறை மழைக்கு முன் மெழுகை மட்டும் திரும்ப அடிக்கலாம். தனுஷ்கோடி ரோட்டில் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் இரண்டு குடம் விட்டு அலசுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாமல் துணி உறை போடுங்கள்.